நோயாளி வாடிக்கைக்காரர் ஆவாரா?

சரக்குக்கு விலை வைப்பது வியாபாரியின் உரிமை என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. முதல் போட்டவர், நஷ்டத்துக்கும் துணிந்தவர், லாபம் காண்பது நியாயமே. ஆனால், வாங்க மறுக்க முடியாதவரிடம் எவ்வளவு லாபம் வைக்கலாம்? இதற்கு விடை காண, இமாட்டினிப் என்னும் மாத்திரையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. அந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் குறுகியிருப்பதை 1960-இல் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்போர்டு என்ற இருவர் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி அம்மையார் விளக்கினார். அம்மாற்றத்தால் பிறக்கும் 'கைனேஸ்' புரதம், அணுக்களை ஓயாமல் பெருகச் சொல்லிக் கட்டளையிடுகிறது. அப்புரதம் சக்தி பெறும் குழிக்குள் இமாட்டினிப் புகுந்து அடைத்துக்கொள்ள, கட்டளை நிற்கிறது. 2001-இல் அமெரிக்காவில் இம்மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோய், பலருக்கு மாத்திரையோடு நெடுநாள் வாழக்கூடிய நோயாயிற்று.

இனி விலையைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓராண்டு மருந்தின் விலை 2001-இல் ஏறத்தாழ 30,000 டாலர். 2012-இல் அது 90,000 டாலரைத் தாண்டிற்று. போட்ட முதல் கைக்கு வந்தபின் விலை இறங்குவதையே நாம் கடைத்தெருவில் கண்டிருக்கிறோம். இங்கோ ஏறிற்று. துணி விலை கூடினால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போவார். அல்லது பழைய துணியையே உடுத்துவார். நோயாளி எங்கே போவார்?

"லாபமின்றேல் அடுத்த மருந்தை யார் ஆராய்வார்?" என்று மருந்துக் கம்பெனியார் கேட்பர். தள்ளத்தக்க கேள்வி அன்று. இம்மருந்தைச் செய்த நோவார்ட்டிஸ் கம்பெனி இந்தியாவில் ஏழை நோயாளிகள் பலருக்கு அதை இலவசமாக வழங்கியதையும் மறைக்கலாகாது. ஆயினும், தானம் வேறு. நியாய விலை வேறு. தானம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. நியாய விலையோ வாங்குபவருக்குச் சேரவேண்டியது. அந்நாட்டில் மற்றக் கம்பெனிகள் அதே மருந்தை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்றன. கூடுதல் குணம் காட்டாத புது வடிவத்துக்குப் பேட்டண்ட் உரிமை கிடையாதென்று 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போட்டி உள்ள இடத்தில் விலையை அடக்கப் பக்கத்துக் கடைக்காரரே போதும். வெள்ளம் சூழ்ந்த ஊரில் அரிசி உள்ள ஒரே கடை நம்முடையதாயின், அன்று விலையை அடக்கவேண்டியவர் யார்? நாமேதான். கம்பெனி பெரிதாயினும், கடை சிறிதாயினும், தராசைப் பிடித்த கையின் நேர்மை அன்றுதான் தெரியவரும்.