அழும் படைவீரரைப் பார்க்கும் உரிமை

வியட்நாமின் ஹுவே நகரில் 1968 பிப்ரவரியில் டான் மெக்கல்லின் எடுத்த படம் ஒன்று, போர்ப் படங்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் வந்துவிடுகிறது. தலைக்கவசம் அணிந்த அமெரிக்க மரைன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளும் துப்பாக்கிக் குழலை இறுகப் பற்றியிருக்கின்றன. முகமெல்லாம் அழுக்கு. கவசத்தின் விளிம்புக்குக் கீழிருந்து கண்கள் கேமராவைத் தாண்டி எங்கோ நிலைகுத்தியிருக்கின்றன. அடுத்தடுத்துச் சில பிரேம்கள் எடுத்தும் அந்த மனிதர் இமைக்கக்கூட இல்லை என்று மெக்கல்லின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தில் ரத்தம் இல்லை, பிணம் இல்லை, புகைகூட இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் போர் மனிதனின் மனத்தை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் கண்டதாகவே உணர்கிறார்கள். அந்த மரைன் அப்போது சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை, வேண்டாம் என்று கையை உயர்த்தும் நிலையிலும் இல்லை. தன் வசம் இழந்த நேரத்தில் பிடிக்கப்பட்ட அவருடைய முகத்தை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பார்வைக்கு நமக்கு என்ன உரிமை?

வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது: படைவீரர்களின் உணர்ச்சிகளை இத்தகைய படங்கள் வெளிப்படுத்துகின்றன, அதனால் பார்த்தாக வேண்டும். இந்தப் பதில் நிற்காது. மெக்கல்லினின் படத்திலிருந்து, குண்டுவீச்சில் மனம் பேதலித்தவர் என்ற படக்குறிப்பை எடுத்துவிட்டால், அந்த முகத்தில் தூக்கக் கலக்கம், அடக்கிய கோபம், வெறும் அலுப்பு என்று எதை வேண்டுமானாலும் படிக்கலாம். கொரியப் போரில் 1950 ஆகஸ்ட் 28 அன்று ராணுவப் புகைப்படக்காரர் அல் சாங் எடுத்த படம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. நண்பன் கொல்லப்பட்ட துயரம் தாங்காமல் ஒரு சிப்பாய் இன்னொருவரின் தோளில் சாய்ந்து அழுகிறார். தாங்கிப் பிடித்தவரின் கை அவர் தலையைச் சுற்றி இருக்கிறது. பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் இறந்தவர்கள், காயம்பட்டவர்களுக்கான அட்டைகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: முன்னால் இருப்பவர்களுக்கு நெஞ்சில் ஈரம், பின்னால் இருப்பவருக்கு மரத்துப்போன மனம். இதற்குப் படத்தில் ஆதாரமே இல்லை. அட்டை எழுதியவர்தான் அன்றிரவு தூங்காமல் கிடந்தவராக இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியில்லை. அழுகை வெளியே தெரிந்தால் உணர்ச்சி, தெரியாவிட்டால் உணர்ச்சியின்மை என்று கணக்குப் போடுவது சாவு வீட்டுக்குப் போய் யார் எவ்வளவு அழுதார்கள் என்று பார்த்துவிட்டு வரும் வேலைதான்.

மனத்தைக் காட்டாத படம் வேறு எதைக் காட்டுகிறது? ஒரு மனிதருக்கு நேர்ந்ததைக் காட்டுகிறது. இறந்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் அட்டை எழுதும் ஆள் ஒருவர் தேவைப்படும் அளவுக்கு அன்று இழப்பு இருந்தது, அழுவதற்கு மறைவிடம்கூட இல்லாமல் வெட்டவெளியில் அழ வேண்டியிருந்தது, ஆறுதல் சொல்வதும் இழப்பைக் கணக்கில் ஏற்றுவதும் சில அடி தூரத்தில் ஒரே சமயத்தில் நடந்தன. இவை படத்தில் உள்ள உண்மைகள். லாரி பர்ரோஸ் 1965 மார்ச்சில் வியட்நாமின் தா நாங் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு மரைன் ஹெலிகாப்டரில் ஏறி எடுத்த படத்தொடர், அதே ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதியிட்ட லைஃப் இதழில் வந்தது. ஓய்வு நேரத்தில் ஊருக்குள் சுற்றும் இளைஞர் ஒருவர், பிறகு எந்திரத் துப்பாக்கியைத் தூக்கி வந்து பொருத்துகிறார், சண்டைக்கு நடுவே கத்துகிறார். வேறொரு ஹெலிகாப்டரிலிருந்து மீட்டு ஏற்றப்பட்ட அதிகாரி அவர் காலடியில் கிடந்து இறக்கிறார். கடைசியில் தளத்தின் கிடங்கு ஒன்றில் தனியாக முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்குகிறார். கடைசிப் படத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் போட்டால் அது ஓர் இளைஞரின் அழுகை. தொடரோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அழுகைக்கு ஒரு காரணம் இருக்கிறது, காரணத்துக்கு ஒரு கட்டளை இருக்கிறது, கட்டளைக்குப் பின்னால் வரி கட்டும் வாக்களிக்கும் மக்கள் இருக்கிறார்கள். பார்க்கும் உரிமை அங்கேதான் பிறக்கிறது. அனுப்பியவர்களுக்கு, அனுப்பப்பட்டவருக்கு என்ன ஆயிற்று என்று அறியும் கடமை இருக்கிறது, உரிமை அந்தக் கடமையின் நிழல். ஆகவே படத்தைச் சாட்சியமாக வைத்தால் அதை வெளியிடலாம். அந்தரங்கத்தின் காட்சிப்பொருளாக வைத்தால் கூடாது. இந்த வேறுபாடு கேமராவில் இல்லை. எதனோடு சேர்த்து, என்ன குறிப்போடு, யாருக்காக அச்சிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

சாட்சியம் என்றால் பொய்ச்சாட்சி என்ற கேள்வியும் கூடவே வரும். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு இறந்த சிப்பாய் ஒருவரின் உடலை வேறிடத்துக்கு நகர்த்தி, பாறைகளுக்கு நடுவே கிடத்தி, துப்பாக்கி ஒன்றையும் அருகில் சாய்த்துப் படம் எடுத்தது நூறாண்டுகளுக்குப் பிறகு அம்பலமானது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1936இல் ராபர்ட் கேபா எடுத்த, சுடப்பட்டுச் சரியும் வீரரின் படம் உண்மையானதா, ஏற்பாடு செய்யப்பட்டதா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. உணர்ச்சிதான் முக்கியம், சோகம் உண்மையானதுதானே, கொஞ்சம் ஒழுங்கு செய்தால் என்ன என்று வாதாடுபவர்கள் உண்டு. படத்தின் மதிப்பு உணர்ச்சியில் இருந்தால் அவர்கள் சொல்வது சரி. நாடகம் நன்றாக இருந்தால் போதும். மதிப்பு சாட்சியத்தில் இருப்பதால்தான் நகர்த்தப்பட்ட அந்த உடல் நம்மை உறுத்துகிறது. உயிரோடு இருந்தபோது கட்டளைப்படி நடந்தவரை, செத்த பிறகும் ஒரு காட்சிக்காக வேலை வாங்கியிருக்கிறார்கள்.

அரசாங்கங்களின் ஆட்சேபம் வேறு வகை: இத்தகைய படங்கள் படையின் மனவுறுதியைக் குலைக்கும், நாட்டுக்குக் கெடுதல். இந்த வாதத்தின் நேர்மையைச் சோதிக்க 1943ஆம் ஆண்டு போதும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கி இருபது மாதங்களுக்கு மேல், இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் படம் எதையும் தணிக்கை வெளியே விடவில்லை. பிறகு செப்டம்பர் 20 இதழில், நியூ கினியின் பூனா கடற்கரை மணலில் பாதி புதைந்து கிடக்கும் 3 உடல்களை லைஃப் வெளியிட்டது. ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த படம் அது. முகங்கள் தெரியவில்லை. தணிக்கை தளர்ந்தது பத்திரிகைச் சுதந்திரத்தின் மேல் வந்த திடீர்க் காதலால் அல்ல, மக்கள் போரை லேசாக எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்று வாஷிங்டன் கவலைப்பட்டதால். மறைத்தபோதும் மனவுறுதி காரணம், காட்டியபோதும் மனவுறுதி காரணம். படையினரின் நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் படத்தைத் தடுக்க அரசுக்கு நியாயம் உண்டு. மனநிலையை நிர்வகிக்கும் நியாயம் அதற்கு இல்லை.

குடும்பத்தின் ஆட்சேபத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. 2009 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் படுகாயமடைந்து வீழ்ந்த ஓர் இளம் மரைனை, சகவீரர்கள் காப்பாற்ற முயலும் தருணத்தில் அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் படம் எடுத்தார். அந்த மரைன் பிழைக்கவில்லை. நிறுவனம் அடக்கம் முடியும்வரை காத்திருந்தது, பெற்றோரிடம் படங்களை முன்கூட்டியே காட்டியது. வெளியிட வேண்டாம் என்று தந்தை கேட்டுக்கொண்டார். அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸும் கேட்டார். செப்டம்பரில் படம் வெளியானது. பல நாளிதழ்கள் அச்சிட மறுத்தன. கேட்ஸ் இரட்டை நாக்கோடு பேசினார் என்று சொல்ல முடியாது. போரில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்குவதைப் படமெடுக்க 1991 முதல் இருந்த தடையை அதே ஆண்டு தொடக்கத்தில் விலக்கியவர் அவர், குடும்பம் சம்மதித்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. சவப்பெட்டிக்கு அந்த விதி பொருந்தும். இறுதிச் சடங்கு குடும்பத்துக்கு உரியது. போர்க்களத்தில் பட்ட காயம் குடும்பத்துக்கு மட்டும் உரியதா? அந்த இளைஞர் அங்கே மகனாக இல்லை, நாட்டின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டு நின்றார். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே மறுத்தால், எட்டு ஆண்டுகளாக நடந்த ஒரு போர் சாவே இல்லாத போராகத்தான் பத்திரிகையில் தெரியும். ஆகவே வெளியிட்டது சரி. ஆனால் சரி என்பதால் அது தந்தைக்குக் கெடுதல் செய்யவில்லை என்று ஆகாது. பெயரைத் தவிர்த்திருக்கலாம் என்பார்கள். பெற்ற தகப்பனுக்குப் பெயர் போட்டாலும் போடாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான். பொதுநன்மைக்காக ஒருவர் மேல் விழுந்த அந்தச் சுமையைச் செய்தி நிறுவனம் ஒப்புக்கொண்டு நிற்க வேண்டுமே தவிர, பத்திரிகைத் தர்மம் என்ற ஒற்றைச் சொல்லால் அழித்துவிடக் கூடாது.

எதிரிப் படை வீரர்களின் முகங்களுக்கோ இந்தச் சங்கடமெல்லாம் வருவதே இல்லை. 1991 வளைகுடாப் போரின் முடிவில் வாகனத்தின் முன்பகுதியிலேயே எரிந்து கருகிய ஈராக்கியச் சிப்பாயைக் கென் ஜாரெக் படமெடுத்தார். முகம் கரிந்தும் அதில் ஏதோ பாவனை எஞ்சியிருக்கிறது. அமெரிக்க ஆசிரியர்கள் அதை அப்போது ஒதுக்கினார்கள், லண்டனில் அப்சர்வர் அச்சிட்டது. ஒதுக்கியவர்கள் அந்தச் சிப்பாயின் கண்ணியத்தை நினைத்து ஒதுக்கவில்லை, காலை உணவு மேஜையில் வாசகருக்கு ஒவ்வாது என்று நினைத்தார்கள். மாறாக, உயிரோடு பிடிபட்ட எதிரிக்குச் சட்டமே காவல் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, போர்க்கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்து காக்கச் சொல்கிறது. இது வெறும் நாகரிகம் அல்ல. கைதியின் முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது பிடித்து வைத்திருப்பவர், அதனால் அந்தப் படம் சாட்சியமாகவே ஆக முடியாது. 2019 பிப்ரவரி 27 அன்று இந்திய விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது கண்கள் கட்டப்பட்டு ரத்தம் வழியும் முகத்தோடு ஒரு காணொளியும், தேநீர்க் கோப்பையோடு இன்னொன்றும் வெளியாயின. இந்தியா அதைக் கண்டித்தது, கண்டித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் தமிழ்நாடு உட்பட நாடெங்கும் கண்டித்த கைகளே அவற்றை ஒன்றுவிடாமல் முன்னனுப்பியும் வைத்தன. கோபமாகப் பகிர்ந்தாலும் பெருமிதமாகப் பகிர்ந்தாலும் கைதியின் முகம் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்குத்தான்.

இத்தனை பார்த்தும் என்ன பயன், மனம் மரத்துத்தானே போகிறது என்ற ஆட்சேபத்துக்கு வரலாறும் ஒத்துழைக்கிறது. எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிக் 1924இல் முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களின் மருத்துவப் படங்களைத் தொகுத்துப் போருக்கு எதிரான நூலாக வெளியிட்டார். பல பதிப்புகள் கண்டது. பதினைந்தே ஆண்டுகளில் அதே ஜெர்மனி அடுத்த உலகப் போரைத் தொடங்கியது. படம் போரை நிறுத்தும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது தோல்வி. சாட்சியத்தின் வேலை தீர்ப்பை நிறைவேற்றுவது அல்ல, தெரியாது என்று சொல்ல முடியாமல் செய்வது. நீதிபதி அசட்டையாக இருந்தால் குற்றம் சாட்சியின் மேல் இல்லை.

இந்த அளவுகோல் இன்று மிகவும் தேவைப்படும் இடம் உக்ரைன் போர்முனை. அங்கே கேமராவும் ஆயுதமும் ஒன்றாகிவிட்டன. தலைக்கு மேல் பறக்கும் டிரோனை நிமிர்ந்து பார்க்கும் சிப்பாய், கையெடுத்துக் கெஞ்சுகிறவர், ஓடி ஒளிய இடம் தேடுகிறவர் என்று கொல்லப்படும் மனிதரின் கடைசி நொடிகளைக் கொல்பவரின் கருவியே பதிவுசெய்கிறது. அந்தக் காணொளிகள் பாட்டுச் சேர்க்கப்பட்டு டெலிகிராமில் சுற்றுகின்றன. உணர்ச்சியை வெளிப்படுத்துவதுதான் படத்தின் பெருமை என்றால், இவற்றைவிடச் சிறந்த போர்ப் படங்கள் இல்லை. பயத்தை இவ்வளவு அருகில் யாரும் பிடித்ததில்லை. சாட்சியமா என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. சரணடைய முயன்றவர் கொல்லப்பட்டிருந்தால் அந்தப் பதிவு விசாரணையாளர்களுக்கு வேண்டிய சான்று. அது அங்கே போக வேண்டும், வெட்டாமல், பாட்டில்லாமல், நேரமும் இடமும் குறிக்கப்பட்டு. போர் எப்படி நடக்கிறது என்று குடிமக்கள் அறிய வேண்டுமானால் ஒரு செய்தியாளர் முகத்தை மறைத்து, முன்பின் நடந்ததைச் சொல்லி எழுதலாம். கைப்பேசியில் அடுத்தடுத்துத் தள்ளிப் பார்க்கும் கண்ணுக்கு அவற்றின் மேல் எந்த உரிமையும் இல்லை, பார்ப்பவர் எந்தப் பக்கத்தின் வெற்றியை விரும்புகிறவராக இருந்தாலும்.