அம்மாவின் கடிதப் பேணி



அம்மாவின் அந்தியேட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் அவர் குடியிருந்த அறையைத் துப்புரவாக்கினோம். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கற் பேணி. அதனுள் 1984 முதல் 1996 வரை ஊரிலிருந்து மாமா எழுதிய நீல நிற விமானக் கடிதங்கள், ஆண்டுவாரியாக நூலாற் கட்டப்பட்டிருந்தன. “என்ரை காலத்துக்குப் பிறகு இதுகளைக் கொளுத்திப்போடு மோனை” என்று அம்மா முன்பொருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது.

கொளுத்துவதா, வைத்திருப்பதா? “அம்மாவின்ரை சொல்லைத் தட்டக்கூடாது அண்ணா” என்றாள் தங்கை. அக்கடிதங்களில் இடப்பெயர்வின் துயரம் உண்டு. ஒரு சீதனப் பிணக்கும் உண்டு. அதிலே பெயர் வருபவர்கள் இன்றும் எம்மோடு ஒரே பந்தியில் இருந்து உண்பவர்கள்.

ஆயினும் எரிக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. எரிந்தது போதாதா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பின்வந்த போரில் எத்தனையோ வீடுகளின் கடிதங்களும் படங்களும் அழிந்தன.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்கர் டாக்டர் கிறீனை எண்ணிப் பாருங்கள். அவர் 1884இல் மறைந்தார். அவருடைய கடிதங்கள் பேணப்பட்டமையால், அவற்றைக் கொண்டு 1891இல் அவரது வரலாறு நூலாக வெளிவந்தது. அதே நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த சாதாரண குடும்பங்களின் கடிதங்களும் அந்நாட்டு நூலகங்களில் உள்ளன. அரச ஏடுகள் சொல்லாத பசியையும் பிரிவையும் அவை சொல்கின்றன. எமது பிரிவை யார் சொல்வது?

எனினும், பிறருடைய அந்தரங்கத்தை வரலாறு என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவர எமக்கு உரிமை உண்டா? கனடாச் சட்டப்படி கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதை அச்சிடும் உரிமையோ எழுதியவருக்கும், அவர் மறைந்தபின் பொதுவாக 70 ஆண்டுகள் அவரது உரித்தாளருக்கும் உரியது. சட்டமே இப்படிப் பிரித்து வைத்திருக்கும்போது, நாமும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். காப்பது வேறு, காட்டுவது வேறு. அம்மா அஞ்சியது காகிதம் இருப்பதற்கன்று, கண்டவர் கையில் அது அகப்படுவதற்கே என்று நான் எண்ணுகிறேன். அது எனக்கு வசதியான எண்ணமாகவும் இருக்கலாம். ஆகவே எழுதியவரையே கேட்பது என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஊரிலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு சொன்னார்: “அந்தச் சீதனக் கதை உள்ளதுகளை எரிச்சுப்போடு. மற்றதுகளைப் பிள்ளையள் வாசிக்கட்டும். நாங்கள் எப்பிடிச் சீவிச்சம் எண்டு அதுகளுக்கும் தெரியவேணும்.”

நான்கு கடிதங்களைத் தங்கையே எரித்தாள். மற்றவை என்னிடம் இருக்கின்றன. அம்மாவின் சொல்லை முழுமையாகக் காத்தேன் என்று சொல்லமாட்டேன். அந்த உறுத்தல் எனக்கு உண்டு. அவர் இருக்கும்போதே, “எதை எரிக்க, எதை வைக்க?” என்று பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் அது வந்திராது.

உங்கள் வீட்டிலும் ஒரு பேணி இருக்கும். அதைத் திறந்து, பெற்றோரைக் கேளுங்கள். யார் எழுதியது, எப்போது, யார் பார்க்கலாம் என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அவர்கள் சொல்லக் கூடிய காலத்திலேயே இதைச் செய்வோமாக.