வாகன வர்ணமும் காற்றழுத்தமும்: கருவி மாறினால் தொண்டு மாறுமா?

கோயில் வாகனங்களுக்கும் சுதைச் சிற்பங்களுக்கும் தூரிகையால் வர்ணம் தீட்டுவது நெடுங்கால வழக்கம். 2009இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வன்னியில் பல கோயில்கள் திருத்தப்பட்டுக் கும்பாபிஷேகம் கண்டன. இத்தகைய திருப்பணியில், அழுத்திய காற்றால் வர்ணத்தைத் தெளிக்கும் எயார்பிரஷைக் கையாளலாமா, இயந்திரக் காற்றால் செய்த வேலை தொண்டாகுமா என்பது சமய நோக்கில் ஆராயத்தக்கது.

சைவசித்தாந்தம் ஒரு பொருள் தோன்ற மூன்று காரணங்கள் வேண்டும் என்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம்; தண்டும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். வர்ண வேலையில் வர்ணம் முதற்காரணம், எயார்பிரஷும் அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரும் துணைக்காரணம், கலைஞர் நிமித்தகாரணம். தூரிகையை விட்டு எயார்பிரஷை எடுக்கும்போது மாறுவது துணைக்காரணம் மட்டுமே.

எல்லாக் கருவியும் எல்லாப் பொருளும் இப்படி மாற்றத்தக்கவை அல்ல. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிப்பது மரபு. அங்கே எண்ணெய் ஊற்றினால் சடங்கே இல்லாமற் போகும். மூலமூர்த்தியின் கண் திறக்கும் பொன்னூசியும் அவ்வாறே கிரியையின் உறுப்பு. தூரிகை அந்த வகையைச் சேராது. சிற்பநூலான சிற்பரத்தினம் தடித்த, நடுத்தர, நுண்ணிய தூரிகைகளுக்குக் கன்றின் காதுமயிர், ஆட்டின் வயிற்றுமயிர், அணிலின் வால்மயிர் என வகுப்பது கோட்டின் நுண்மையைக் கருதியே. வேலைக்கேற்ற கருவி என்பதே அந்த நூல்முறையின் உட்கருத்து.

எயார்பிரஷிலும் இதே பகுப்பு உண்டு. 0.2 மி.மீ. துளையில் நீர்த்த மையை 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் விட்டால் மயிலின் தோகைக் கோடுகள் தெளிவாக விழும். 0.3 மி.மீ. துளைக்கு 15 முதல் 25 போதும். 0.5 மி.மீ. துளையில் தடித்த அக்ரிலிக் வர்ணத்துக்கு 25 முதல் 40 வரை தேவைப்படலாம். அழுத்தத்தைக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். விசையை விட்டதும் மானி கூடுதலாகக் காட்டும்.

சிறு வேலைக்கு மூன்று லீற்றர் தாங்கியுள்ள, எண்ணெய் வேண்டாத பிஸ்டன் கொம்பிரசர் ஏற்றது. தாங்கி இல்லாதவற்றில் காற்று துடித்துத் துடித்து வருவதால் கோடு சீராக அமையாது. டயர் கடைகளிலுள்ள பெரிய கொம்பிரசரையும் அழுத்தச் சீராக்கி பொருத்திப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் எண்ணெய்த்துளி கலந்தால் பூச்சில் குழிகள் விழும் என்பதால் வடிகட்டி அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தாங்கியில் நீர் தேங்கும். நீர்ப்பொறியும் வேண்டும், வேலை முடிந்ததும் தாங்கியை வடிக்கவும் வேண்டும். வெயில் காலத்தில் அக்ரிலிக் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைக்கும். வர்ணத்தைச் சற்று நீர்க்கச் செய்தால் அது குறையும்.

இயந்திரம் உழைப்பைக் குறைப்பதால் தொண்டின் பயனும் குறையும் என்று ஒரு தடை எழலாம். கோயிலை மெழுகுவதும் மாலை கட்டுவதும் போன்ற உடற்பணிகளைச் சைவம் சரியை என்கிறது. சரியையின் உயிர் வியர்வையின் அளவில் இல்லை. பணியில் வைக்கும் கவனத்தில் உள்ளது. அழுத்தம் மிகுந்தால் வர்ணத்தூசி பறந்து பக்கத்துப் பொன்வேலையில் படியும். குறைந்தால் புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். ஆகவே அளவறிந்து காற்றை விடுவதற்கும் தூரிகைக்கு ஈடான கவனம் வேண்டும்.

கிரியைக்கு விதிக்கப்பட்ட கருவியை மாற்றலாகாது. விதிக்கப்படாத வேலையில் கருவியைத் தெரிவுசெய்யும் உரிமை கலைஞருக்கு உண்டு. வாகனத்துக்கு எயார்பிரஷால் வர்ணம் தீட்டுவதைச் சித்தாந்தம் தடுக்கவில்லை.