விசாரிச்சுட்டு வா

1954 டிசம்பரில் ஒரு நாள், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு படம் காட்டினார்கள். காட்டியவர் பாப் பியர்ஸ், வேர்ல்ட் விஷன் அமைப்பைத் தொடங்கிய ஊழியக்காரர். கொரியப் போர் நின்று ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. படத்தில் இருந்தவர்கள் கொரியத் தாய்க்கும் அந்நியச் சிப்பாய்க்கும் பிறந்த பிள்ளைகள். அப்பா கப்பலேறிப் போய்விட்டார். ஊர் அம்மாவையும் சேர்க்கவில்லை, பிள்ளையையும் சேர்க்கவில்லை. பார்க்க வந்தவர்களில் பக்கத்து ஊரான கிரெஸ்வெல்லின் விவசாயி ஹாரி ஹோல்ட்டும் அவர் மனைவி பெர்த்தாவும் இருந்தார்கள். ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். ஹாரிக்கு நான்கு வருஷம் முன்னால் கடுமையான மாரடைப்பு வந்து பிழைத்திருந்தார்.

படம் முடிந்து மாதம் பத்து டாலர் அனுப்புவதோடு விட்டிருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் ஜெபம் பண்ணினார்கள், கணக்குப் போட்டார்கள், எட்டுப் பேருக்கு இடம் இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். எட்டு! அப்போதைய அமெரிக்கச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அந்த ஒரு குடும்பத்துக்காக நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டது. 1955 அக்டோபரில் ஹாரி பன்னிரண்டு குழந்தைகளோடு விமானத்தில் வந்து இறங்கினார். எட்டு அவர் வீட்டுக்கு, நான்கு மற்றவர்களுக்கு. பேப்பர்களில் படம் வந்தது. எங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. அடுத்த வருஷமே அது ஒரு நிறுவனமாகிவிட்டது. இன்று உலகம் முழுக்க நடக்கிற நாடு தாண்டிய தத்தெடுப்பு ஒரு முறைமையாக மாறியதில் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஹோல்ட் தம்பதியைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபம். வெள்ளைக்கார மீட்பர், மதமாற்றம், இன்னும் நாலு வார்த்தை போட்டால் கட்டுரை முடிந்தது. எனக்கு அது முடியவில்லை. சொந்தக் காசைப் போட்டு, பலவீனமான இதயத்தோடு கொரியாவுக்கு அலைந்து, 1964-ல் அங்கேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்ட மனிதர் அவர். அவர் மனசு நல்லதா என்பது என் கேள்வி அல்ல. நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு நல்ல மனசு எதைப் பார்க்காமல் விட்டது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ஒரு வசனத்துக்குப் போக வேண்டும். யாக்கோபு நிருபம், முதல் அதிகாரம், 27-ஆம் வசனம். தத்தெடுப்பு பற்றி எந்தக் கிறிஸ்தவ மேடையில் பேசினாலும் இது வராமல் போகாது. தேவனுக்கு முன்பாக மாசில்லாத பக்தி எது என்று சொல்கிற வசனம். நாங்கள் சண்டே கிளாஸில் இதை மனப்பாடம் பண்ணினோம். தமிழ் பைபிளில் அனாதைக்குப் பதிலாக ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்று இருக்கும். அவர்களை என்ன செய்ய வேண்டும்? ‘விசாரிக்க’ வேண்டும்.

சின்ன வயசில் அந்த வினைச்சொல் எனக்குக் குழப்பமாக இருந்தது. திக்கற்ற பிள்ளையை எதுக்கு விசாரிக்கணும்? போலீஸ்தானே விசாரிக்கும்? பாட்டி சிரித்துவிட்டுச் சொன்னாள்: “மேரி சித்தி ஆஸ்பத்திரில கெடந்தப்போ போய் விசாரிச்சுட்டு வான்னு உன்னை அனுப்புனேன்ல, அந்த விசாரிப்புடா.” மூலமான கிரேக்கச் சொல்லும் அந்தத் திசைதான்: போய்ப் பார்ப்பது, கவனித்துக்கொள்வது. ஆனால் தமிழில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரு முதுகு இருக்கிறது. நலம் கேட்பதும் விசாரிப்புதான், நடந்தது என்ன என்று துருவிக் கேட்பதும் விசாரிப்புதான். மொழிபெயர்த்தவர்கள் இரண்டையும் நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் இவ்வளவு பொருத்தமான விபத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்று. அந்த வசனத்தில் இருப்பது திக்கற்ற பிள்ளை மட்டும் இல்லை. பக்கத்திலேயே விதவையும் இருக்கிறாள். ஒரே மூச்சில் இரண்டு பேர். காரணம் லேசானது: அந்தக் காலத்தில் திக்கற்ற பிள்ளை என்றால் தகப்பனை இழந்த பிள்ளை. அம்மா உயிரோடு இருப்பாள், அவள்தான் அந்த விதவை. இரண்டு தனித்தனிப் பயனாளிகள் அல்ல, ஒரே வீடு. மேடையில் வசனத்தைச் சொல்லும்போது விதவையின் பெயரும் வாயில் வரும். விமானத்தில் ஏறுவது பிள்ளை மட்டும்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு இன்றைய எண்ணிக்கை ஒன்று ஞாபகத்துக்கு வரும். உலகத்தில் 14 கோடி அனாதைகள் என்று யுனிசெஃப் கணக்கை 2009, 2010 வாக்கில் அமெரிக்க சபைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2009-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபை தத்தெடுப்பை ஊக்குவித்துத் தீர்மானமே போட்டது. ஆனால் யுனிசெஃப் கணக்கில் அப்பாவையோ அம்மாவையோ ஒருவரை இழந்தாலும் அனாதைதான். இரண்டு பேரையும் இழந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி, அவர்களிலும் பெரும்பாலானவர்கள் தாத்தா பாட்டி, மாமா, சித்தி வீட்டில் வளர்கிறார்கள். 14 கோடி பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு யாக்கோபின் விதவை உயிரோடு இருக்கிறாள்.

சரி, ஹாரிக்குத் திரும்புவோம். அவர் பிள்ளை கொடுத்த குடும்பங்களிடம் எதிர்பார்த்த முக்கியத் தகுதி, மறுபடியும் பிறந்த விசுவாசிகளாக இருக்க வேண்டும் என்பது. தத்தெடுப்பவர் கொரியாவுக்கு வர வேண்டியதில்லை. ஹாரி அவர்கள் சார்பில் அங்கே தத்தெடுத்து விமானத்தில் ஏற்றிவிடுவார். சமூகப் பணியாளர்கள் கத்தினார்கள்: வீட்டைப் பார்க்காமல், ஆளைத் தெரியாமல், இப்படிப் பிள்ளையை அனுப்பலாமா? ஹாரியின் பதில் சாதாரணமானது அல்ல. நீங்கள் ஃபைல் புரட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். அது பொய்யில்லை. அன்றைய சியோலின் அனாதை விடுதிகளில் பிள்ளைகள் நிஜமாகவே செத்தன. தீப்பிடித்த வீட்டில் நின்று யாரும் பத்திரம் கேட்க மாட்டார்கள்.

பிரச்சினை, தீ அணைந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்ததுதான். போர்க்காலப் பிள்ளைகள் தீர்ந்துபோனார்கள், அனுப்புவது நிற்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், பிறகு கல்யாணமாகாத பெண்களின் பிள்ளைகள். கொரியா ஒலிம்பிக் நடத்தத் தயாராகிக்கொண்டிருந்த 1985-ல் ஒரே வருஷத்தில் எட்டாயிரத்துக்கும் மேல் போனார்கள். அம்மா யார் என்று தெரிந்த பிள்ளைக்கும் ‘அனாதைக் குடும்பப் பதிவு’ என்று ஒரு காகிதம் புதிதாகப் போட்டார்கள். அதில் அந்தக் குழந்தையே குடும்பத் தலைவர், மேலே யாரும் இல்லை. சட்டப்படி அனாதையாகப் பிறக்க வைத்தார்கள். 2025 மார்ச்சில் கொரிய அரசின் உண்மை, நல்லிணக்க ஆணையம் இதை ஒப்புக்கொண்டது. வெளிநாட்டில் வளர்ந்து முறையிட்ட 367 பேரில் முதல் 56 பேரின் மனித உரிமை மீறப்பட்டது என்று அறிவித்தது.

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்த தம்பதிக்கு இது தெரியுமா? தெரியாது. தெரியாது என்பது போதுமான பதிலா? என் சிக்கல் முழுவதும் இங்கேதான். எதையும் ஜெபித்து முடிவெடுக்கிற குடும்பத்துக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. இது தேவசித்தம் என்று மனசில் உறுதிப்பட்ட பிறகு, எதிரில் வருகிற ஒவ்வொரு சந்தேகமும் சோதனையாகத் தெரியும். விசா தாமதமானால் பிசாசின் தடை. காகிதத்தில் தேதி பொருந்தவில்லை என்றால், அதற்கும் ஒரு ஜெபம். கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகிவிடுகிறது. விசாரிக்கச் சொன்ன வசனத்தைப் பிடித்துக்கொண்டே விசாரிப்பை நிறுத்திவிட முடிகிறது.

2000-களின் கடைசியில் எத்தியோப்பியாவில் நடந்ததைப் பாருங்கள். 2010-ல் மட்டும் அங்கிருந்து சுமார் 2,500 பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். சில தாய்தகப்பன்களுக்கு அது நிரந்தரம் என்றே புரியவில்லை. பிள்ளை படிக்கப் போகிறான், கடிதம் போடுவான், பெரியவனாகித் திரும்புவான் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தார்கள். முட்டாள்தனம் என்று தோன்றுகிறதா? அங்கே ஒரோமோ மக்களிடம் குத்திஃபெச்சா என்று பழைய தத்து முறை உண்டு. அதில் பெற்றவர்களோடு உறவு அறுந்துபோவதில்லை. நமக்கு மட்டும் என்ன? “அவன் பெரியம்மா வீட்ல வளந்தான்” என்று சொல்லும்போது, அவனுக்கு அம்மா இல்லாமல் போய்விட்டாள் என்றா அர்த்தம்? நம்ம ஊர்த் தாய் ஒருத்தியிடம் அதே காகிதத்தை நீட்டினாலும் அவள் பெரியம்மா வீட்டைத்தான் நினைப்பாள். எத்தியோப்பியா 2018-ல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே தடை செய்தது.

இதில் பணம் வேறு. ஒரு தத்தெடுப்புக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் டாலர் ஆகும். சபையார் கேக் விற்று, டிஷர்ட் விற்று அந்தப் பணத்தைச் சேர்த்தார்கள். அந்தக் கேக் விற்ற கைகளையும் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதில் ஒரு சிறு துண்டு இருந்திருந்தால் அந்த அம்மா பிள்ளையைத் தானே வைத்துக்கொண்டிருப்பாளே என்ற கணக்கைக் கிறிஸ்தவர்கள் போடாமல் இருக்க முடியாது. அவ்வளவு பெரிய தொகை ஏழை ஊருக்குள் வரும்போது பிள்ளை தேடுகிற தரகனும் முளைப்பான். இலங்கையில் 1980-களில் ஐரோப்பாவுக்குப் பிள்ளைகள் போனபோது, தாயாக நடிக்கவே கூலிக்குப் பெண்களை நிறுத்தினார்கள். சென்னையில் தெருவிலிருந்து தூக்கப்பட்ட பிள்ளைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போன கதை 2005-ல் வெளிவந்தது. பெற்றவர்கள் அதுவரை தேடிக்கொண்டிருந்தார்கள்.

பைபிளிலேயே நாடு தாண்டிய, இனம் தாண்டிய தத்து ஒன்று உண்டு. மோசே. பார்வோன் மகள் நல்லவள். ஆற்றில் மிதந்த குழந்தை அழுததும் இரங்கினாள். ஆனால் அந்தக் கதையில் ஒரு அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஓடிவந்து கேட்டபடியால் பெற்ற தாயே சம்பளத்துக்குப் பால் கொடுக்க வருகிறாள். கூடையில் கிடந்தவன் அனாதை இல்லை. ஓர் அரசாணைக்குப் பயந்த அம்மாவின் பிள்ளை. அரண்மனையில் வளர்ந்தும் தன் சனம் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தத்தெடுப்புக் கூட்டங்களில் பவுல் சொன்ன புத்திரசுவிகாரம்தான் அதிகம் பேசப்படும். தேவன் நம்மைத் தத்தெடுத்தார், அதனால் நாமும் தத்தெடுப்போம் என்று. அழகான உவமைதான். ஆனால் அந்த உவமையில் குடும்பம் தேவனுடைய இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது, பிள்ளையின் பழைய வீடு பாவத்தின் இடமாகிவிடுகிறது. அங்கே ஓர் அம்மா இருந்தாள் என்பதற்கு உவமையில் இடமே இல்லை.

“அப்போ புள்ள விடுதியிலயே கெடக்கட்டுங்கிறியா?” என்று ஒரு நண்பன் கேட்டான். அவனும் மனைவியும் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இல்லை. நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளூரில் ஒருவரும் கேட்காத, உடல் குறையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். 2024-ல் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பை மூடியபோது, இன்ன குடும்பத்துக்கு என்று ஏற்கெனவே முடிவாகி, போட்டோ பார்த்து, பெயர் வைத்து வருஷக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் அங்கேயே நின்றுபோனார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய் நீதி நிலைநாட்டப்பட்டது என்று என்னால் சொல்ல முடியாது. 1993-ன் ஹேக் உடன்படிக்கை சொல்கிற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது: முதலில் பெற்ற குடும்பம், பிறகு சொந்த நாட்டில் ஒரு குடும்பம், அதுவும் இல்லையென்றால் வெளிநாடு. ஆனால் வரிசையைக் காகிதத்தில் நிரூபிக்கலாம், காகிதத்தைத் தயாரிக்கவும் செய்யலாம். கடைசியில் அது தத்தெடுக்கிற குடும்பத்தின் பிடிவாதத்தில் வந்து நிற்கிறது. அந்த அம்மா எங்கே? அவளிடம் யார் பேசினது, எந்த மொழியில்? கையெழுத்துக்கு முன்னால் அவளுக்கு வேறு என்ன வழி காட்டினீர்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால், போட்டோவில் முகம் பார்த்த பிள்ளையை விட்டுக்கொடுத்துத் திரும்பி வருவீர்களா? அதுதான் கொடூரமான கேள்வி. நண்பன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நான் திரும்பி வருவேனா என்று எனக்கும் உறுதியில்லை.

2020 முதல், கொரியாவிலிருந்து தத்துப் போனவர்கள் தாங்கள் வாழும் நாட்டின் கொரியத் தூதரகத்திலேயே டி.என்.ஏ. கொடுக்கலாம். ஐம்பது, அறுபது வயசானவர்கள் போய் நிற்கிறார்கள். பலருக்கு வளர்த்தவர்கள் மேல் அன்பு குறையவில்லை. வளர்த்த அம்மாவைப் புதைத்துவிட்டு, அவளுக்கு வலிக்கக் கூடாது என்று அதுவரை பொறுத்திருந்து வருகிறவர்களும் உண்டு. கொரியாவில், பிள்ளையைத் தொலைத்த அம்மாக்கள் போலீஸ் நிலையத்துக்குப் போய் அதே மாதிரி மாதிரியைக் கொடுக்கிறார்கள். 44 வருஷம் கழித்து மகளைக் கண்டுபிடித்த ஒரு தாய் உண்டு. அவளைச் சந்தித்தபோது இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.