கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து

சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கும் முன்பு நர்ஸ் ஒரு பாரத்தை நீட்டினார். இரண்டு பக்கம், பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடி மனைவியிடம் இருந்தது. "எங்கேம்மா?" என்றேன். அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டையே எழுதி வாங்கியிருந்தாலும் தெரிந்திருக்காது.

அதன் பிறகுதான் ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன் (பரீட்சை முடிந்தபின் படிப்பது எனக்குப் பள்ளிக்கூடப் பழக்கம்). அதில் ஒரு வெளிச்ச வைத்தியம் என்னை யோசிக்க வைத்தது.

அடைப்பு என்றால் சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்வது போல என்று நினைக்கிறோம். விஷயம் அத்தனை சுலபம் இல்லை. கொழுப்பை அப்புறப்படுத்த வந்த வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறித் தின்று, குழாயின் சுவரிலேயே சிக்கி, அடைப்பின் பகுதியாகிவிடுகின்றன. துப்புரவுக்கு வந்தவர்களே குப்பையாவது உடம்பில் மட்டும் நடப்பதல்ல!

இவற்றைக் கொல்ல வந்தது மோடெக்ஸாஃபின் லுடீஷியம். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து ஜோனதன் செஸ்லரின் ரசாயனத்தில் பிறந்த மருந்து. கலிஃபோர்னியாவின் ஃபார்மாசைக்ளிக்ஸ் கம்பெனி இதற்கு 'ஆன்ட்ரின்' என்று பெயர் வைத்தது. ரத்தத்தில் ஏற்றினால் அடைப்பில் போய்ப் படியும். இருட்டில் பரம சாது. மெல்லிய கண்ணாடி இழையைக் குழாய்க்குள் விட்டு, 732 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால் விழித்துக்கொண்டு பக்கத்தில் உள்ள ஆக்ஸிஜனை உசுப்பிவிடும். அந்த ஆக்ஸிஜன் செல்லைக் கொன்றுவிடும். வெளிச்சம் படாத இடத்துக்குச் சேதமில்லை. அழகான யோசனை.

ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி ராக்ஸனும் குழுவினரும் இதன் முதல் கட்டச் சோதனையை 2000-ல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளியிட்டார்கள். கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள 47 பேர். பெரிய ஆபத்து எதுவும் இல்லை. சிலருக்குத் தோலில் தடிப்பு, சிலருக்கு மதமதப்பு, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது அந்த 47 பேர். முதல் கட்டத்தில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி 'குணமாகுமா?' இல்லை. 'எவ்வளவு மருந்து, எவ்வளவு வெளிச்சம் வரை உடம்பு தாங்கும்?' என்பதே. அளவைப் படிப்படியாக ஏற்றுவார்கள். முதலில் வருகிறவருக்குப் பலிக்கிற வாய்ப்புக் குறைவு. கடைசியில் வருகிறவருக்கு ஆபத்து அதிகம்.

பாரத்தில் இதெல்லாம் எழுதித்தான் இருக்கும். ஆனால், பத்து அடி நடந்தால் கால் வலித்து உட்காருகிற மனுஷருக்கு 'சோதனை' என்ற சொல் காதில் விழாது. 'புது வைத்தியம்' என்பதுதான் விழும். அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் சகாக்களும் 1982-லேயே இந்த மயக்கத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று எண்ணிக்கொள்வது. யாரும் பொய் சொல்வதில்லை. நம் ஆசையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

வெளிச்ச மருந்துகளின் பூர்வகதையில் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்று ஒரு ஜெர்மன் டாக்டர் வருகிறார். 1912-ல் ஹெமட்டோபார்ஃபிரினை 200 மில்லிகிராம் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்டு முகம் வீங்கி, மாதக்கணக்கில் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ்ந்தார். டாக்டர்கள் எல்லாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் உடம்பை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் தான் செய்வது சோதனை, வைத்தியம் அல்ல என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெளிவு கையெழுத்துப் போடும் ஒவ்வொருவருக்கும் வேண்டாமா?

"அப்படித் தெளிவாகச் சொன்னால் எவன் சார் வருவான்?" என்று கேட்கலாம். வருவார்கள். முகம் தெரியாதவர்களுக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் இல்லையா? கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் அது தானம். வாங்கிக்கொள்கிறோம் என்று நினைத்துக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர்.

ஆன்ட்ரின் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. கம்பெனி வேறு பாதையில் போய், அதன் இப்ருடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு 2013-ல் அனுமதி கிடைத்தது. 2015-ல் ஆப்வீ நிறுவனம் ஏறக்குறைய 2,100 கோடி டாலருக்குக் கம்பெனியையே வாங்கியது. 47 பேர் ஒரு கட்டுரையில் எண்ணாக இருக்கிறார்கள்.

1964-ல் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் அடைப்புக்குள் முதன்முதலில் டியூப் செலுத்தித் திறந்தது 82 வயசுப் பாட்டி ஒருவரின் காலில். அந்த முயற்சி ஜெயித்தது. இன்று நம்மில் பலர் நடமாடுவது அதன் புண்ணியத்தில். பாட்டிக்கு நன்றி சொல்வது சுலபம். தோற்ற மருந்துக்கு உடம்பைக் கொடுத்தவர்களுக்கும் நாம் அதே அளவு கடன்பட்டிருக்கிறோம். எந்த வழி அடைத்திருக்கிறது என்று காட்டியவர்கள் அவர்கள்.

அடுத்த முறை யாராவது பாரம் நீட்டினால் முதலில் கண்ணாடியைக் கேட்டு வாங்கப்போகிறேன். அப்புறம் ஒரு கேள்வி. "இது எனக்கா, எனக்குப் பின்னால் வருகிறவருக்கா?"

பின்னால் வருகிறவருக்கு என்றாலும் கையெழுத்துப் போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். படித்துவிட்டு.