பத்தடி வளையமும் ஒரு முக்காடும்

1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் கைப்பிடியில் மாட்டச் செய்தபோது, அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது என்ற ஒரே காரணத்தால், இன்றும் உலகெங்கும் கூடைப்பந்து வளையம் பத்தடி உயரத்தில் நிற்கிறது. தச்சன் வைத்த அளவு அனைவரும் இசைந்ததனால் விதியாயிற்று. ஆதலால், உலகக் கூடைப்பந்துக்கு விதி வகுக்கும் உரிமை யாருடையது என்று வினவுவோர், அறிந்தோ அறியாமலோ, ஒரு பழைய தத்துவ விசாரத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள்: விதிக்கு அதிகாரம் ஆணையிட்டவனிடமிருந்து வருகிறதா, அதற்கு அடங்கி நடக்க இசைந்தவனிடமிருந்து வருகிறதா?

படைத்தவனுக்கே உரிமை என்றால், நெய்ஸ்மித்தே அதைக் கோரியிருக்க வேண்டும். கனடாவில் பிறந்து, மாண்ட்ரியாலில் வேத சாஸ்திரம் கற்றுத் தேர்ந்து, பிரசங்க மேடையைவிட உடற்பயிற்சிக் கூடத்தில் வாலிபர்களின் குணத்தை நன்கு செம்மைப்படுத்த இயலும் என்று நம்பி வந்த அவர், பதின்மூன்று விதிகளை எழுதி, 1892 ஜனவரியில் பள்ளியின் பத்திரிகையில் அச்சிட்டு, பிறகு அவற்றை உலகத்தின் கையில் விட்டுவிட்டார். பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், அதனோடு ஓடலாகாது என்பது அவர் வகுத்த விதி. பந்தைத் தரையில் தட்டித் தட்டி முன்னேறும் வித்தையோ, அந்தப் பதின்மூன்றில் எங்கும் சொல்லப்படாமல், ஆடினவர்கள் தாமே கண்டுபிடித்து, விதியின் இடைவெளியில் வளர்த்து, இறுதியில் விதியே ஏற்கும்படி செய்தது. அதை நீக்கிவிட்டால் இன்றைய ஆட்டத்தை ஆட்டமென்று எவரும் அடையாளம் காணமாட்டார். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் மொழியில் கண்டார்கள். இந்த ஆடுகளத்திலும் அதுவே நிகழ்ந்தது.

வல்லவனுக்கு உரிமை என்பார் வாதம் வேறு. செல்வத்திலும் திறமையிலும் நிகரற்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. தன் பந்தயங்களை 48 நிமிஷம் நடத்துகிறது. சர்வதேசப் பந்தயமோ 40 நிமிஷம். 24 விநாடிக்குள் பந்தை எறிய வேண்டுமென்று அது 1954-இல் விதித்ததை, சர்வதேச சம்மேளனம் 2000-இல்தான் ஏற்றது. நல்லதைக் கற்றுக்கொள்வதில் இழிவில்லை. ஆனால் கற்பது வேறு, கட்டுப்படுவது வேறு. தம் அரங்குகளுக்கு விதி செய்யும் சுதந்திரம் அவர்களுக்கு உண்டென்பதாலேயே, அந்த விதி லாத்வியாவின் ஒரு கிராமத்துச் சிறுவனையும் கட்டும் என்று சொல்ல நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சுவது சபை. 1932 ஜூனில் ஜெனிவாவில் ஆர்ஜென்டினா, கிரீஸ், இத்தாலி, லாத்வியா உள்ளிட்ட எட்டு நாடுகள் கூடிச் சர்வதேச சம்மேளனத்தை அமைத்தன. விதிக்கு உட்படுவோர் விதி செய்வதில் பங்கு பெறும் இடம் அது ஒன்றே. ஆகவே உரிமை அதற்கே என்று தயக்கமின்றிச் சொல்வேன். எனினும் சபையின் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வளையத்தின் உயரமும் ஆட்டத்தின் நேரமும் எவ்வளவு தற்செயலாயினும், அவற்றின் பாரம் எல்லார் தலையிலும் சமமாக இறங்குகிறது. தலையில் எதுவும் அணியலாகாது என்று விதித்தால், அது பெரும்பாலோரைத் தீண்டாமல் கடந்து, தெய்வத்துக்கு நேர்ந்த ஆசாரமாகத் தலையை மூடுகிறவரை மட்டுமே தேடிப் பிடிக்கிறது. அத்தகைய விதிக்குச் சம்மதம் மட்டும் போதாது. பிறருக்குத் தீங்கு நேரும் என்பதற்குத் தக்க காரணமும் வேண்டும்.

சம்மேளனம் அத்தகைய விதியையே வைத்திருந்தது; ஆபத்தைத் தடுப்பதற்கென்றே அது சொல்லப்பட்டது. 2014 ஜூலையில் சீனத்து வூஹான் நகரில், இந்திய அணியின் சீக்கிய வீரர்களான அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் தலைப்பாகையை அகற்றிவிட்டு ஆட நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், கத்தார் நாட்டுப் பெண்கள் முக்காட்டை அகற்ற மறுத்து, மங்கோலியாவுடனான பந்தயத்தை ஆடாமலே இழந்தார்கள். இவர்களைக் காட்டிலும் என் மனத்தைவிட்டு அகலாதவர் பில்கிஸ் அப்துல் காதிர். நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பெண் அவர். மாஸசூஸெட்ஸ் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்து மாகாண சாதனை படைத்தவர். தலையை மூடியபடியே பல ஆண்டு அமெரிக்கக் கல்லூரிப் பந்தயங்களில் ஆடியவர். ஆபத்து என்ற காரணத்துக்கு அந்த ஆண்டுகளே மறுமொழி. ஆயினும், கல்லூரி முடிந்து ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆட விழைந்தபோது, அவர் ஊரில் பிறந்த ஆட்டத்தின் வாசல் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது.

அவரைப் போன்றோர் ஓயாமல் முறையிட்டதன் பயனாக, 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய சம்மேளனத்தின் பேரவை தலையணியை அனுமதித்தது. அக்டோபர் முதல் நாள் அது அமலுக்கு வந்தது. அப்போது பில்கிஸ் கல்லூரி ஆட்டங்களை முடித்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.