வழி யாருடையது?

நிலத்திற்கு உடையவன் உண்டு. கிணற்றிற்கு உடையவன் உண்டு. பலர் கால்பட்டுப் பதிந்த மலைப்பாதைக்கு உடையவன் யாவன்? நடப்பவன் எவனோ அவனுக்கே அது உரியது என்று விடை பகர்ந்து அமைந்துவிடலாம். ஆயின், அப்பாதை தொடங்கும் இடத்திற்கே வந்து சேர வகையற்றவனுக்கு அது எவ்வளவில் உரியது? தடுப்பார் ஒருவரும் இல்லை என்பது மட்டுமே ஒரு வழியைப் பொதுவழி ஆக்கிவிடுமா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றோம்.

"மலையேறுதலும் கடலோரம் உலாவுதலும் செல்வர் பொழுதுபோக்கு; ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்துக் களைத்தவர்க்கு அவற்றால் ஆவதென்ன?" என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். இவ்வாறு கேட்போர், உழைப்பவனுக்கு உடம்பு மட்டுமே உண்டு, கண்ணும் உள்ளமும் இல்லை என்று தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கின்றனர். பகவான் புத்தர் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து அறம் உரைத்தவர். நடத்தலால் வரும் நன்மைகளை அங்குத்தர நிகாயம் ஐந்தாக எண்ணுகிறது: நெடுவழி செல்லும் ஆற்றல், முயற்சியைத் தாங்கும் வலிமை, நோயின்மை, உண்டது செரித்தல், நடக்கையில் எய்திய மனவொருமை நெடிது நிற்றல். இவ்வைந்தனுள் ஒன்றேனும் பணமுடையார்க்கு மட்டும் உரியதன்று.

சான்றுக்கு மும்பைப் பக்கத்துச் சஹ்யாத்திரி மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். கொங்கணக் கடற்கரைக்கும் தக்காண மேட்டுநிலத்திற்கும் இடையே அது மதில்போல் நிற்கிறது. பண்டு சோபாரா, கல்யாண் முதலிய துறைகளில் இறங்கிய சரக்கெல்லாம் கணவாய்களின் வழியே மேலேறிற்று. அக்கணவாய்களுள் ஒன்று நானேகாட். சாதவாகன அரசி ஒருத்தியின் நீண்ட கல்வெட்டு அங்குள்ள குகையில் இருக்கிறது. கணவாயின் தலைப்பில் பெரியதொரு கற்குடமும் உண்டு. வணிகர் சுங்கக்காசு இட்ட குடம் அதுவே என்று வழிவழியாகக் கூறுவர். இத்தகைய வழிகளை ஒட்டியே பௌத்த விகாரைகள் பாறையிற் குடையப்பட்டன. நானேகாட் ஏறிச் சென்றால் ஜுன்னர். அவ்வூரைச் சூழ்ந்த குன்றுகளில் 150-க்கு மேற்பட்ட குகைகள் உள்ளன. போர்காட் ஏறினால் கார்லா, பாஜா, பேட்சா. கடற்பக்கத்தில் ராஜபுரிக் கழியின் தலைப்பில் கூடா. மும்பை மாநகரின் எல்லைக்குள்ளேயே கன்னேரி. அங்கு மட்டும் 100-க்கு மேற்பட்ட குகைகள்.

இவ்விடங்களுக்குச் செல்லச் சொந்த வாகனம் வேண்டுவதில்லை. கல்யாணில் அரசுப் பேருந்து ஏறி, முர்பாட் கடந்து, மால்சேஜ் மலைவழி தொடங்குமுன் வைசாகரே அருகில் இறங்கினால், நானேகாட்டின் அடிவாரப் பாதை எதிரே கிடக்கும். அங்கிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஏற்றம். (மோட்டார் வண்டியில் அடிவாரம் வரை வந்து, இருநூறு அடி நடந்து, மலையேறியதாகப் படமெடுத்துச் செல்வோரைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

இக்குகைகளைக் குடைவித்தவர் அரசர் மட்டும் அல்லர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கார்லாவில் தச்சன், வாசனைப்பண்டம் செய்வோன், யவனர் பலர். கூடாவில் இரும்பு வாணிகன், மாலை கட்டுவோன். கன்னேரியில் கல்யாண் நகரத்துப் பொற்கொல்லன். அவர்கள் தந்த தானம் யாது? குகையும் தூணும் மட்டுமன்று. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள் பலவும் தானப்பொருளாகக் குறிக்கப்பட்டுள்ளன. பாதை அமைத்துத் தந்ததையே தானமாகப் பொறித்த கல்வெட்டும் கன்னேரியில் உண்டு. சோலை வைப்போர், பாலம் கட்டுவோர், தண்ணீர்ப்பந்தல் அமைப்போர், கிணறு வெட்டுவோர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளரும் என்னும் கருத்து சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. அக்கருத்தைக் கல்லில் செய்து காட்டியவர்கள் இக்கைத்தொழிலாளர். வழி என்பது கால் வைக்கும் மண் மட்டுமன்று, அவ்வழியில் விடாய் தணிக்கும் நீரும் அதன் பகுதியே என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்த நீரே பிற்காலத்தில் மறுக்கப்பட்டது. 1934-இல் டாக்டர் அம்பேத்கரும் அவருடன் முப்பது பேரளவிலான குழுவினரும் வேரூளின் பௌத்தக் குகைகளைக் காணச் சென்றனர். இடையில் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்க எண்ணி, வழிப்புழுதி போக வாயிலருகே இருந்த குளத்தில் கைகால் கழுவினர். குளம் தீட்டாயிற்று என்று பெருங்கூச்சல் எழுந்தது. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடலாகாது என்னும் நிபந்தனையின் மேல், ஆயுதம் தாங்கிய காவலன் ஒருவன் உடன்வர, அவர்கள் உள்ளே விடப்பட்டனர். கோட்டையைக் காணத் தடையில்லை. பாதை திறந்தே இருந்தது! மகாத் நகரின் கதையும் இத்தகையதே. பொதுக்குளங்கள் எல்லார்க்கும் உரியவை என்று 1923-இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. சவதார் குளம் எவர்க்கும் திறந்தது என்று 1924-இல் அந்நகராட்சியும் எழுதி வைத்தது. எழுத்து இருந்தது; நீர் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று அள்ளிப் பருகிய பின்னரும், வழக்கு 1937 வரை நீடித்தே உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. அதே மகாத் நகரின் அருகில், நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் குன்றில், காந்தார்பாலே பௌத்தக் குகைகள் இருக்கின்றன என்பதை அங்குச் செல்லும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

நிற்க. இந்நாளில் கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியால் தடை செய்தல் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் விதி கூறுகிறது. தடுப்பவன் சட்டத்தின் முன் குற்றவாளி. ஆயினும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா தீர்ந்தபாடில்லை. தடுப்பவன் இல்லாமலும் ஒரு பாதை மூடப்படக்கூடும். 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, 2022 ஏப்ரல் வரை நீண்டது. தொழிலாளர் கோரிக்கையின் நியாயம் வேறு பொருள். அதில் நாம் ஈண்டுப் புகவில்லை. அம்மாதங்களில் சஹ்யாத்திரியின் பாதைகளை எவரும் வேலியிட்டு அடைக்கவில்லை. கார் உடையவனுக்கு மலை இருந்த இடத்திலேயே இருந்தது. பேருந்தை நம்பியவனுக்கோ அது நெடுந்தொலைவிற்கு விலகிப் போயிற்று. அடிவாரச் சிற்றூர்களில் வாழ்வோர்க்கு மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் அவ்வாறே விலகிப் போயின. ஆகவே பேருந்து என்பது பாதைக்குச் செல்லும் கருவி என்று கொள்வது போதாது. அது பாதையின் முதற்பகுதி என்று கொள்வதே பொருந்தும். அன்று தொட்டி வெட்டிய கொல்லன் செய்த தானத்தின் இடத்தில் இன்று நிற்பது, நாள்தோறும் குறித்த நேரத்தில் வரும் அந்த வண்டிதான்.

அப்பேருந்தும் எல்லார்க்கும் எளிதில் திறந்ததன்று. தமிழ்நாட்டில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்திரபாண்டியன் உத்தரவிட நேர்ந்தது. காசு கொடுத்தும் ஏற இயலாத காலம் அது. மகாராஷ்டிரத்தின் அரசுப் பேருந்து 1948 ஜூன் 1 அன்று புனேயிலிருந்து அன்றைய அகமதுநகருக்கு முதன்முதல் ஓடியது. 2022-இல் 75 வயது கடந்தோர்க்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2023-இல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் வந்தது. பாதை சிறிது சிறிதாகவே அகலமாகிறது.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவது ஒன்று உண்டு. "எல்லாரும் வந்தால் மலை கெடும், தனிமை கெடும், வருவோர் தொகையைக் குறைப்பதே மலைக்கு நன்று" என்பர். மலை கெடுவது மெய்யே. ஆனால் குறைக்கவேண்டியவர் யார் என்று கேட்டால், இவ்வாறு கூறுவோர் தம்மைத் தவிர்த்தே எண்ணுகின்றனர். பேருந்தில் வருபவன் வண்டி கொள்ளும் அளவே வருகிறான். கடைசி வண்டிக்கு இறங்கிவிடுகிறான்.

மழைக்காலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் உண்டு. பிக்குகள் மழையில் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறைகூறியபோது, பகவான் அவர்களோடு வாதிடவில்லை. பிக்குகளை மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கச் செய்தார் என்று விநயம் கூறுகிறது. இன்றைய நிலையோ நேர்மாறு. அருவிகள் விழும் அம்மழை மாதங்களே சஹ்யாத்திரியில் நடைக்காரர் திரளும் பருவம். அடிவாரத்து வயல்களில் நாற்று நடுவதும் அப்போதுதான். வீட்டிலேயே இருங்கள் என்று நாம் சொல்லவில்லை. வரப்பு உழவனுடையது, வழியன்று என்று மட்டும் சொல்வோம்.

இதனினும் கடினமானது இருக்கையைப் பற்றிய கேள்வி. சில பேருந்துகள் இரவில் சிற்றூரிலேயே தங்கி விடியலில் நகரம் நோக்கிப் புறப்படும். தாக்கர், மகாதேவ கோலி, காத்கரி முதலிய பழங்குடியினர் வாழும் ஊர்கள் அவை. காட்டுக்கீரைக் கூடையோடு ஒரு பெண் சந்தைக்குச் செல்ல வருகிறாள். முதல்நாள் மலையில் தங்கிய நகரத்து நடைக்காரர் பத்துப்பேர் பெரும் மூட்டைகளுடன் முன்னரே ஏறி அமர்ந்திருக்கின்றனர். இருசாராரும் பயணச்சீட்டு வாங்கியவரே. ஆகவே சமத்துவம் நிறைவேறியது என்று சொல்லலாமா? எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நடைக்காரன் விரும்பி வந்தவன். அவள் வேறு வழியின்றி வந்தவள். அவனுக்கு அவ்வண்டி தவறினால் ஒரு கதை கிடைக்கும். அவளுக்குத் தவறினால் அன்றைய கூலி போகும். அப்படியானால் நடைக்காரர் தத்தம் வாகனத்தில் வந்து, பேருந்தை ஊராருக்கே விட்டுவிடுவது அறமன்றோ என்பர் சிலர். கேட்க இனிதாயினும் இது ஊராருக்கே கேடாய் முடியும். ஏறுவோர் குறைந்த தடத்தில் நாளடைவில் வண்டியையே நிறுத்திவிடுவர். நிறுத்தியபின் கூடைக்காரியும் நடக்கவேண்டியதுதான். நடைக்காரன் பேருந்திலேயே வரட்டும்; சீட்டு வாங்கட்டும்; மூட்டையை இருக்கையில் வைக்காமல் கீழே வைத்துவிட்டு நிற்கட்டும். முர்பாட் சந்தையில் கூடைகள் இறங்கிவிடும். அங்கிருந்து கல்யாண் வரை அவனும் அமர்ந்து வரலாம்.